வழியும் வண்டியும்: கோப்பாய்ப் பாதைகளில் துவிச்சக்கர வண்டி

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைப்பித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மன்னன் போக்கிய வழி, தேசாதிபதி இட்ட ஆணை, பொறியியலாளர் அளந்த நீளம் ஆகியவை ஏடுகளில் நிலைபெற்றுள்ளன. அவ்வழியே நாள்தோறும் சென்றவர் யாவர், அவர்கள் எதில் ஏறிச் சென்றனர், செல்லும் உரிமை எவருக்கு வாய்த்தது, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை காண அவ்வேடுகள் பெரிதும் உதவுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை, இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற கருவி துவிச்சக்கர வண்டியாகும். பேச்சுவழக்கிலே ‘சைக்கிள்’ எனப்படும் இவ்வூர்தி வீட்டுக்கு வீடு காணப்பட்ட பழகிய பொருளாதலின், வரலாற்றாசிரியரின் கண்ணுக்குப் பெரிதும் தப்பிவிட்டது.

பிரான்சு தேசத்தின் நிலை வேறு. அந்நாட்டின் கிராமப்புறப் பாதைகளில் துவிச்சக்கர வண்டியேறி உலாச் செல்லும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பதிவுகளை உடையது. சங்கங்களும் சஞ்சிகைகளும் வழிகாட்டி நூல்களும் அதனைப் பேணி வந்துள்ளன. அவ்வரலாற்றோடு ஒப்பவைத்துக் கோப்பாயின் பாதைகளை நோக்குமிடத்து, இரு நாடுகளிலும் வீதி தோன்றிய விதத்திலே ஒற்றுமையும், அவ்வீதியிலே வண்டி பெற்ற பொருளிலே வேற்றுமையும் புலப்படுகின்றன. அவ்வொற்றுமை வேற்றுமைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பாயின் அமைவு

யாழ்ப்பாண நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவில், வலிகாமத்தின் கிழக்கோரமாகக் கோப்பாய் அமைந்துள்ளது. நகரிலிருந்து நல்லூர், கல்வியங்காடு, இருபாலை ஆகிய ஊர்களினூடாக வரும் பருத்தித்துறை வீதி கோப்பாயைக் கடந்து, நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் எனச் சென்று, வல்லைவெளியைத் தாண்டி வடமராட்சியை அடைகிறது. கோப்பாயிலிருந்து கிழக்கே பிரியும் வழி கடல்நீரேரியைப் பாலத்தினாற் கடந்து, கைதடியிலே தென்மராட்சியோடு இணைகிறது. நீர்வேலி வழியே நிலாவரைக் கிணற்றை நோக்கிச் செல்லும் பாதை இன்றும் இராசவீதி என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்பெருவழிகளுக்கு இடையிலே, பனையோலையும் கிடுகும் கொண்டு அடைத்த வேலிகளுக்கு நடுவே, எண்ணற்ற ஒழுங்கைகள் ஊரை ஊடறுத்துச் செல்கின்றன. கால்நடையாகச் செல்வோருக்கும் மாட்டுவண்டிக்கும் என அமைந்த இவ்வொழுங்கைகள், மோட்டார் வண்டிக்குப் பெரும்பாலும் இடங்கொடாதவை. ஆயின் துவிச்சக்கர வண்டிக்கு மிகப் பொருந்தியவை.

நிலத்தின் இயல்பும் இதற்குத் துணைசெய்தது. குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்த சமநிலம். மலையில்லை; ஆண்டு முழுவதும் பாயும் ஆறில்லை. ஏற்ற இறக்கமற்ற இந்நிலத்திலே துவிச்சக்கர வண்டியைச் செலுத்துவோனுக்கு உள்ள ஒரே தடை காற்றாகும். மே மாதம் தொடங்கி வீசும் சோளகக் காற்றை எதிர்கொண்டு வல்லைவெளியைக் கடந்தோர், மறைப்பதற்கு மரமோ வேலியோ இல்லாத அவ்வுவர்நிலத்திலே வண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்ல நேர்ந்ததை இன்றும் நினைவுகூர்வர்.

கோப்பாய் வழியின் தொன்மைக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1560 இல் போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா நல்லூரைத் தாக்கியபோது, முதலாம் சங்கிலி மன்னன் கோப்பாயிலிருந்த கோட்டைக்குப் பின்வாங்கினான் என்றும், பகைவர் தொடரவே அங்கிருந்தும் வெளியேறினான் என்றும் போர்த்துக்கேயர் எழுதிய வரலாறுகள் கூறும். இவ்வகையில், நல்லூர்–கோப்பாய் வழி எழுத்திலே இடம்பெறும்போது அது ஓர் அரசன் இடம்பெயர்ந்து சென்ற வழியாகவே தோன்றுகிறது. நான்கு நூற்றாண்டுகளின் பின் அவ்வழியே குடிமக்கள் இடம்பெயர நேர்ந்தமை பின்னர் நோக்கப்படும்.

உழைப்பு வரியும் ஊர்ப்பாதையும்

இன்று உல்லாசப் பயணிகள் விரும்பிச் செல்லும் பிரான்சின் நாட்டுப்புறப் பாதைகள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல. 1836 மே 21 ஆம் நாளன்று நிறைவேறிய ஊர்ப்பாதைச் சட்டம், 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர்மீது ஆண்டொன்றுக்கு மூன்று நாள் வரையிலான பாதை வேலையைச் சுமத்த ஊராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. உழைக்க விரும்பாதவர் பணம் செலுத்தி விலகலாம். வண்டியும் உழவுமாடும் வைத்திருந்தோர் அவற்றையும் வேலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே முடியாட்சி குடியானவரிடம் வாங்கிய ஊதியமற்ற கட்டாய உழைப்பின் நினைவு மறையுமுன்பே இச்சட்டம் வந்தது. ஒரு கிராமத்தை அடுத்த கிராமத்தோடு இணைத்த பாதைகள் பல இவ்வாறு குடியானவரின் கைகளாலேயே உருவாயின.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1848 இல், இலங்கையிலே பிரித்தானிய ஆட்சி வீதிக் கட்டளைச் சட்டத்தைக் கொணர்ந்தது. 18 முதல் 55 வயது வரையிலான ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும். அன்றேல் அதற்கு ஈடான பணம் இறுத்தல் வேண்டும். அவ்வாண்டிலே மாத்தளைப் பகுதியிலே எழுந்த கிளர்ச்சிக்கான காரணங்களுள் இவ்வரிச்சுமையும் ஒன்றென வரலாற்றாசிரியர் கருதுவர். யாழ்ப்பாணத்திலே அப்போது அரசாங்க அதிபராக இருந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் வடபகுதி நிர்வாகத்தைத் தம் கையில் வைத்திருந்த இவர், 1867 இல் கோப்பாயிலேயே காலமானார்.

ஆகவே, இரு நாடுகளிலும் ஊர்ப்பாதை என்பது ஊரவரின் உழைப்பாக வாங்கப்பட்ட வரியின் விளைவாகும். ஆனால், அப்பாதையால் முதலிற் பயனடைந்தவர் அதனை இட்டவர் அல்லர். வரி சேர்ப்போனும் படைவீரனும் குதிரைவண்டி உடையோனுமே அதனை விரைந்து பயன்படுத்தினர். பாதை இட்ட குடியானவன் அதன்மேல் நடந்தே சென்றான். நடந்து சென்றவனுக்கு அப்பாதையின் விரைவைப் பெற்றுக்கொடுத்த முதலாவது ஊர்தி துவிச்சக்கர வண்டி என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பிரான்சிலே உலா

துவிச்சக்கர வண்டியின் வளர்ச்சி பல நாட்டவரின் முயற்சியால் ஆனது. ஜேர்மனியரான கார்ல் டிரைஸ் 1817 இல் காலால் உந்திச் செல்லும் இருசில்லு வண்டியை ஓட்டிக் காட்டினார். 1860 களில் பாரிஸ் நகரிலே முன்சில்லில் மிதிகட்டை பொருத்தப்பட்டது. 1885 இல் இங்கிலாந்திலே ஸ்ரார்லி வெளியிட்ட றோவர் வண்டி, ஒத்த அளவுடைய இரு சில்லுகளையும் சங்கிலியையும் கொண்டு இன்றைய வடிவத்துக்கு அடிகோலியது. 1888 இல் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். 1891 இல் மிஷெலின் நிறுவனம் கழற்றிப் பூட்டத்தக்க ரயரை அறிமுகஞ் செய்தது. ஒட்டுப்போடும் வேலை வழிப்போக்கனுக்கே இயலுவதானது அதன் பின்னரே ஆகும். நெடுந்தூர உலாவுக்கு இதனினும் இன்றியமையாத மாற்றம் வேறில்லை.

1890 இல் பாரிசிலே தோன்றி 1983 வரை இயங்கிய பிரான்சு உலாச் சங்கம் துவிச்சக்கர வண்டியோட்டிகளால் நிறுவப்பட்டது. வழிகாட்டிப் பலகைகளை நாட்டுவதிலும், தங்கும் விடுதிகளைச் சீர்செய்யத் தூண்டுவதிலும் அது முன்னின்றது. தொழில் நகரான சென்ற் எற்றியனிலே வாழ்ந்த போல் த விவி என்பவர் (1853–1930) ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். 1887 இல் ‘லெ சிக்லிஸ்த்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கிய இவர், போட்டிக்காக அன்றி, நாட்டைக் காண்பதற்காக வண்டியோட்டுவதே மேன்மையானது என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். அந்நகரைச் சூழ்ந்த மலைகளில் ஏறுவதற்கெனவே பல்வேறு பற்சக்கரங்களைப் பொருத்திப் பரிசோதனைகள் நடத்தினார். 1903 இல் தொடங்கிய பிரான்சுச் சுற்றுப் போட்டி உலகப் புகழ் பெற்றபோதும், அமைதியான கிராமப் பாதைகளிலே உலாச் செல்வோரின் மரபு வெலோசியோ வழியிலேயே தொடர்ந்தது.

தொடக்கத்திலே இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே இருந்தது. வண்டியின் விலை தொழிலாளியின் ஊதியத்துக்கு எட்டாததாயிருந்தது. விலை குறைந்துவரவே, 1914 அளவில் அந்நாட்டிலே 35 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் இருந்தன. 1936 இல் ஊதியத்துடன் கூடிய இருவார விடுமுறை சட்டமானபோது, தொழிலாளர் தம் துணைவியரோடு இருவர் ஓட்டும் வண்டிகளில் ஏறிக் கிராமங்களையும் கடற்கரைகளையும் நோக்கிப் புறப்பட்டனர். நாட்டைக் காணும் உரிமை ஓய்வின் வாயிலாக அவர்களுக்குக் கிட்டியது.

இவ்வுரிமை பெண்களுக்குத் தடையின்றிக் கிட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. பாரிஸ் நகரிலே பெண்கள் காற்சட்டை அணிவதை 1800 ஆம் ஆண்டுக் காவற்றுறை ஆணை தடைசெய்திருந்தது. 1892 இலும் 1909 இலும் வெளியான சுற்றறிக்கைகள், குதிரையின் கடிவாளத்தையோ துவிச்சக்கர வண்டியின் கைபிடியையோ பற்றியிருக்கும் பெண்ணுக்கு மட்டும் விலக்களித்தன. யார் எதில் ஏறலாம், எதனை உடுக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மனப்பாங்கு எந்த ஒரு சமுதாயத்துக்கும் தனியுரிமையன்று என்பதற்கு இது சான்றாகும்.

குடாநாட்டிலே தொழில்

யாழ்ப்பாணத்திலே துவிச்சக்கர வண்டி உலாவுக்கு உரியதாக வளரவில்லை. அன்றாட வாழ்வின் கருவியாகவே வளர்ந்தது. 1905 இல் கொழும்போடு இணைந்த வடபகுதிப் புகையிரதப் பாதை, யாழ் நகரிலிருந்து கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் எனக் காங்கேசன்துறை நோக்கிச் சென்றது. கோப்பாயும் புத்தூரும் அச்சுவேலியும் அப்பாதைக்குக் கிழக்கே ஒதுங்கி நின்றன. புகையிரதம் வாராத இவ்வூர்களுக்கு வீதியே கதியாயிற்று. நகரத்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவனும், கோப்பாய் ஆசிரிய கலாசாலைக்கு வரும் பயிலுநரும், கந்தோர்க்குச் செல்லும் எழுதுவினைஞரும் துவிச்சக்கர வண்டியை நாடினர். 1974 இல் திருநெல்வேலியிலே பல்கலைக்கழக வளாகம் தோன்றியபின், இருபாலைச் சந்தியூடாக அதனை நோக்கிச் செல்லும் மாணவரின் வண்டி வரிசை அவ்வழியின் காலைக் காட்சியாயிற்று.

கமக்காரருக்கு இவ்வண்டி சுமைதாங்கியாகவும் பயன்பட்டது. நீர்வேலி வாழைச் செய்கைக்குப் பெயர்பெற்ற ஊர். விடியுமுன் வாழைக்குலைகளைப் பின்புறக் கரியரிலும் இருபக்கங்களிலும் கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்கு எடுத்துச் செல்வோர் கோப்பாயைக் கடந்தே சென்றனர். புகையிலைச் சிப்பமும் வெங்காய மூடையும் விறகுக் கட்டும் அவ்வாறே சென்றன. மலைநாட்டை உடைய பிரான்சியர் பற்சக்கரங்களைப் பெருக்கினர். சமநிலத்தை உடைய யாழ்ப்பாணத்தவர் கரியரைப் பலப்படுத்தினர். ஒரே வண்டி இரு நாடுகளிலும் இருவேறு தேவைகளால் உருமாறியமையை இது தெளிவுறக் காட்டும்.

ஆயினும், உலா என்னும் கூறு குடாநாட்டிலே அறவே இல்லாதிருக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும், செல்வச்சந்நிதிக்கும், கீரிமலைக்கும், நிலாவரைக்கும் இளைஞர் கூட்டமாக வண்டியோட்டிச் செல்வது வழக்காயிருந்தது. அதற்குச் சங்கமும் இல்லை, சஞ்சிகையும் இல்லை. ஆதலின் அது பதிவுபெறாதுபோயிற்று.

மறுக்கப்பட்ட உரிமை

துவிச்சக்கர வண்டியை மக்களின் ஊர்தி எனப் பொதுப்படக் கூறுமிடத்து, அம்மக்களுள் ஒரு பகுதியினர் நெடுங்காலம் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தமையை மறத்தல் ஆகாது. சாதியால் ஒடுக்கப்பட்டோர்மீது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் யாழ்ப்பாணத்திலே நிலவிய தடைகளை மானிடவியலாளர் பிரையன் பாவன்பேர்கர் 1990 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே நிரற்படுத்தியுள்ளார். ஆலயத்துள் நுழைதல், உயர்சாதியினர் எனப்பட்டோரின் கிணற்றில் நீரள்ளுதல், மேலாடை அணிதல், செருப்பணிதல், குடை பிடித்தல் என்பவற்றோடு, துவிச்சக்கர வண்டி வைத்திருத்தலும் அப்பட்டியலிலே இடம்பெறுகிறது.

இத்தடையின் உட்பொருளை உணர்தல் வேண்டும். வீதி அரசுக்கு உரியது. அதிலே நடப்பதைத் தடுத்தல் எளிதன்று. ஆனால் வண்டியில் ஏறியவன் நடப்பவனினும் உயர்ந்து அமர்கிறான். எதிர்ப்படுவோருக்காக ஒதுங்கி நில்லாது கடந்து போகிறான். சந்தைக்கும் பள்ளிக்கும் பிறரது தயவின்றிச் செல்லும் ஆற்றலைப் பெறுகிறான். சாதியமைப்பு அஞ்சியது இரும்பாலான வண்டியையன்று. அது தந்த தற்சார்பையே. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1960 களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைகளிலும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலும் நடந்த போராட்டங்கள் ஏட்டிலிருந்த உரிமையை வாழ்விலே நிலைநாட்ட முயன்றவை. ஆலயப் பிரவேசத்தின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. ஓர் ஒழுங்கையிலே முதன்முதல் வண்டியேறிச் சென்ற ஒருவனின் துணிவுக்கு அத்தகைய வரலாறு எழுதப்படவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே போராட்டத்தின் கூறுகளே.

முற்றுகைக் காலம்

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டுக்கு எரிபொருள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது, மின்சாரமும் நின்றது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் இயக்கப்பட்டன. பல கொட்டகைகளிலே முடங்கின. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் குடாநாட்டின் போக்குவரத்து பெரிதும் துவிச்சக்கர வண்டியிலேயே தங்கியிருந்தது. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றதும், மாணவரைப் பரீட்சைக்குக் கொண்டுசேர்த்ததும், அரிசி மூடையையும் விறகையும் வீடு சேர்த்ததும் அதுவே. உலர்மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட நிலையில், வண்டியை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவிற் பிறந்த மின்னாலே வானொலிச் செய்தி கேட்டனர்.

பெண்கள் துவிச்சக்கர வண்டி ஓட்டுவது முன்னரே தொடங்கியிருந்த வழக்கமாயினும், பேருந்தும் பிறவும் அருகிய இக்காலத்திலேயே அது கேள்விக்கு இடமற்ற பொதுவழக்காயிற்று. ஏறத்தாழ இதே ஆண்டுகளிலே, தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் வண்டியோட்டக் கற்றனர். அங்கே எழுத்தறிவு இயக்கம் செய்ததை இங்கே முற்றுகை செய்தது. விளைவு ஒத்திருந்தாலும் தோற்றுவாய்கள் வேறானவை. ஒன்று விரும்பி ஏற்றது. மற்றையது நெருக்கடியால் நேர்ந்தது.

1995 ஒக்டோபரில் இராணுவ நடவடிக்கை வலிகாமத்தை நோக்கி நெருங்கியபோது, அம்மாதம் 30 ஆம் நாள் தொடங்கி இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறினர். அதற்கு இருந்த வழிகள் இரண்டே: ஒன்று செம்மணியூடாக நாவற்குழிப் பாலம், மற்றையது கோப்பாய்–கைதடிப் பாலம். நெரிசலில் வண்டியை ஓட்ட இடமிருக்கவில்லை, தள்ளியே சென்றனர். கைபிடியிலே பைகளும், பாரிலே குழந்தையும், கரியரிலே முதியவரோ உடைமை மூட்டையோ இருக்க, ஒரு குடும்பத்தின் எஞ்சிய வாழ்வு முழுவதையும் இரு சில்லுகள் தாங்கின. சில மணி நேரத்திற் கடக்கத்தக்க தூரத்தைக் கடக்க ஓர் இரவும் பகலும் போதாதிருந்தோர் பலர். 1560 இல் கோப்பாயை விட்டகன்ற அரசனின் செலவைப் பகைவர் எழுதிவைத்தனர். 1995 இல் அகன்ற மக்களின் செலவோ பெரும்பாலும் அவர்தம் நினைவிலேயே தங்கியுள்ளது. 1996 இல் திரும்பிவந்தோருட் பலர் அதே வண்டிகளைத் தள்ளிக்கொண்டே அதே பாலத்தைக் கடந்தனர்.

எழுதப்படவேண்டிய வரலாறு

போர் 2009 இல் முடிவுற்றது. 2014 இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பருத்தித்துறை வீதி உட்படப் பெருவழிகள் திருத்தப்பட்டன. மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் பெருகின. விரைவு மிகுந்த வீதியிலே துவிச்சக்கர வண்டி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. ஆயினும் 2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருள் அற்றுப்போனபோது, கொட்டகைகளிலே தூசு படிந்துகிடந்த வண்டிகள் மீண்டும் வெளிவந்தன. ரயருக்கும் ரியூப்புக்கும் கடைகளிலே மக்கள் கூடினர். குடாநாட்டவர்க்கு அது புதிய அனுபவமாக இருக்கவில்லை.

பிரான்சின் நாட்டுப்புற வரலாற்றை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் கிரஹம் றொப், 2007 இல் வெளியான தம் நூலுக்காக 14,000 மைல்கள் துவிச்சக்கர வண்டியிலே பயணஞ் செய்தார். பாதையின் வரலாற்றை அறியப் பாதையிலேயே செல்லவேண்டும் என்பது அவர் கண்ட முறை. கோப்பாயின் வழிகளுக்கும் இம்முறை பொருந்தும். உள்ளூராட்சி மன்றங்கள் வழங்கிய வண்டி உரிமத் தகடுகளும் அவற்றின் பதிவேடுகளும், சந்திகளிலே தலைமுறையாக வண்டி திருத்தியோரின் நினைவுகளும், முதன்முதல் வண்டியேறத் துணிந்த ஒடுக்கப்பட்டோரினதும் பெண்களினதும் வாய்மொழிகளும் வரலாற்று மூலங்களே. அவற்றுட் பல போரிலே அழிந்தன. எஞ்சியவை முதியோரின் நினைவிலே உள்ளன. அந்நினைவுகளைத் திரட்டும் பணிக்கு நூலகத்தினும் மிகுதியாக வேண்டப்படுவது ஒரு துவிச்சக்கர வண்டியும் பொறுமையுமே.

பிரான்சிலே துவிச்சக்கர வண்டி ஓய்வின் சின்னமாயிற்று. யாழ்ப்பாணத்திலே அது உழைப்பின் கருவியாகவும், உரிமையின் அளவுகோலாகவும், இடப்பெயர்வின் துணையாகவும் அமைந்தது. கட்டாய உழைப்பால் இடப்பட்ட பாதையை அதனை இட்டவரின் வழித்தோன்றல்களுக்கே மீட்டுக்கொடுத்த ஊர்தி அது. அரசர் வீதி எனவும் அரசாங்க வீதி எனவும் பெயர்பெற்ற வழிகள் மக்களின் வழிகளாக மாறிய வரலாற்றை எழுதப் புகுவோர், அவ்வழிகளிலே பதிந்த மெல்லிய சில்லுத் தடங்களைப் புறக்கணித்தல் இயலாது.